அடி படாத இனம்

எனக்கு விளையாட்டுகளில் நாட்டம் இருந்ததில்லை. பள்ளியில் பணியாற்றிய காலத்தில், உடற்பயிற்சி ஆசிரியரிடம் விளையாட்டுப் பாடவேளையைக் கேட்டு வாங்கி, அதில் தமிழ் இலக்கணத்தின் புணர்ச்சி விதிகளை நடத்துவேன். பந்தை உதைத்து எவனும் தேறியதில்லை என்பது என் கருத்து. ஆகவே, ‘வீடியோ கேம் பொம்மைக்காகக் கொலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் கைது’ என்று நேற்றைய நாளேட்டில் வந்திருப்பதை வன்மையாக மறுக்கிறேன். கைது உண்மை. கொலையும் உண்மை. பொம்மைக்காக என்பதுதான் பொய்.

இன்ஸ்பெக்டர் உமேஷ் அவர்களே, தாங்கள் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் நான் பேசும் தமிழ் தங்களுக்கு விளங்குகிறது. பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும் மமதா அம்மையார் கன்னடத்தில் எழுதுகிறார். அதுபற்றி எனக்குக் குறையில்லை. அவருக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: ‘கோபத்தில்’ என்ற சொல்லை எங்கும் சேர்க்க வேண்டாம். நான் வாழ்நாளில் எதையும் கோபத்தில் செய்ததில்லை. என்னிடம் படித்தவர்கள் எவரையும் கேட்டுப் பாருங்கள். விரல் கணுவில் கோல் விழும்போது என் முகம் மாறாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

முதலில் பேய் இனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. அதன் முதுகில் செருகும் சிறு பெட்டியைக் கேசட் என்கிறார்கள். பாட்டு ஒலிக்கும் கேசட்டுக்கும் அதற்கும் ஓர் ஒட்டும் இல்லை. ஆயினும் இந்த ஊரில் அதற்கு அதுதான் பெயர். அதற்குள் ஓர் உலகம் இருக்கிறது. அங்கே புல்வெளியிலும் குகையிலும் பூதங்கள் திரிகின்றன. அவற்றைப் பிடித்துப் பெயரிட்டு வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். ஒவ்வொரு பூதத்துக்கும் ஓர் இனம் உண்டு. நெருப்பு, நீர், செடி, பாறை என்று பல. எந்த இனத்தின் அடி எந்த இனத்தின்மேல் எவ்வளவு வலுவாக விழும் என்பதற்கு விதி இருக்கிறது. விதி உள்ள எதையும் நான் மதிப்பவன்.

அவற்றுள் ‘சாதாரணம்’ என்றே ஓர் இனம் உண்டு. நெருப்பு கக்காது, நீர் பீய்ச்சாது. பல்லும் நகமும் கையும் மட்டும் உடையது, நம்மைப்போல. அதன் அடி எல்லா இனத்தின்மேலும் விழும், பேய் இனத்தின்மேல் மட்டும் விழாது. எத்தனை ஓங்கி அடித்தாலும் அடி ஊடுருவிப் போய்விடும். ‘பாதிப்பு இல்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் ஓடும். பேய் அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருக்கும். இதுவே பேய் இனத்தின் தலையாய வலிமை.

இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி கோமளம்.

கோமளத்துக்கு இடக்காது கேட்காது. திருமணமான புதிதில் நான் ஒருமுறை திருத்தியதில் அப்படி ஆயிற்று. அதனால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைப்பாள். அது எனக்கு இடைஞ்சல். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் வித்யாலட்சுமி என்ற பெண் குடியிருந்தாள். விருதுநகர்ப் பக்கத்தவள், கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை. அவள்தான் ஒருநாள் அந்தக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“சிங்கப்பூர்லேர்ந்து ஃபிரெண்டு வாங்கிட்டு வந்ததும்மா. எனக்கு ஆபீஸ்லேயே கண்ணு போயிருது. நீங்க வெச்சுக்கோங்க. சவுண்டே வேண்டாம், சும்மா அமுக்கினாப் போதும்.”

“எனக்கென்னம்மா தெரியும் இதெல்லாம்? இங்கிலீஷு வேற.”

“பத்து வார்த்தைதாம்மா திரும்பத் திரும்ப வரும். கத்துக்கலாம்.”

கற்றுக்கொண்டாள். பள்ளியில் எட்டு வரையே படித்த பெண் ஒரு மாதத்தில் எல்லா இனங்களின் பலமும் பலவீனமும் ஒப்பிக்கலானாள். இந்த ஊக்கத்தை அவள் சமையலில் காட்டியிருந்தால் எங்கள் வீட்டில் கோலுக்கு வேலை இருந்திராது.

கோல் என்றேன். அது கருங்காலியில் கடைந்த உருளைக் கோல்; வகுப்பில் கோடு போட வைத்திருந்தது. ஓய்வுபெற்றபோது பள்ளி எனக்குச் சால்வை போர்த்தியது. நான் எடுத்துவந்தது அந்தக் கோலை மட்டும். வீட்டில் அதன் பயன் அளவோடுதான் இருந்தது. உப்புக் கூடினால் விரல் கணுவில். விருந்தினர்முன் குறுக்கே பேசினால் முழங்கையில். ஒருமுறை மணிக்கட்டு எலும்பு விலகிப் போயிற்று. நானே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, வரிசையில் நின்று, கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன். முகத்தில் அடிப்பதை வெகுகாலம் முன்பே விட்டுவிட்டேன். அக்கம்பக்கத்தார் தேவையின்றிக் கவலைப்படுகிறார்கள்.

கோமளத்திடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நான் கோலை எடுத்தால், சொல்லாமலே கையை நீட்டுவாள். வகுப்பில் நீட்டுவதைப்போல, உள்ளங்கை கீழாக. அந்த ஒழுங்கை நான் பாராட்டியிருக்கிறேன்.

ஒரு மாலை காப்பி கொடுக்கும்போது, நான் கேட்காமலே சொன்னாள்: “ஏங்க, இதுல பேய்னு ஒரு சாதி இருக்குதுங்க. யாரு அடிச்சாலும் படாது.”

“சாதி இல்லை, இனம்.”

“இனம். சாதாரண ஆளு அடிச்சா அப்படியே காத்துல போயிடுதுங்க. பாவம், அதுவும் திருப்பி அடிச்சா இவன்மேல படாது. ரெண்டு பேரும் சும்மா நின்னுக்கிட்டு இருப்பாங்க.”

“அப்படியானால் அந்தப் போரால் என்ன பயன்?”

அவள் சிறிது யோசித்தாள். “யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க,” என்றாள்.

சென்ற ஆண்டு கோமளம் சமையலறையில் வழுக்கி விழுந்து இறந்தாள். மருத்துவர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். இதைப் பற்றித் தாங்கள் காலையிலிருந்து மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். நான் இங்கே செல்போன் கடை விக்கியின் கொலையைப் பற்றி வாக்குமூலம் தரவே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாகப் போகலாம்.

காரியங்கள் முடிந்ததும் வித்யாலட்சுமி மாடியறையைக் காலி செய்தாள். கருவியைத் திருப்பித் தரப் போனேன். “அது அம்மாவோடதுதான் சார், இருக்கட்டும்,” என்றாள். பெட்டிகளைக் கட்டிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியவர்களிடம் பேசும்போது முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதை இன்றைய நிறுவனங்கள் சொல்லிக்கொடுப்பதில்லை போலும்.

சில நாள் அது அலமாரியில் கிடந்தது. பிறகு எடுத்து விசையைத் தள்ளினேன். திரை ஒளிர்ந்தது. ‘தொடர்க’ என்ற பொருளில் ஒரு சொல். அழுத்தினேன். அவள் விட்ட இடத்தில் நின்றது உலகம். அவள் வளர்த்த பூதங்களில் முதலாவதாக ஒரு பேய் இருந்தது. கருநீலப் புகை உருண்டு திரண்டாற்போன்ற உடல். இரு பெரிய கண்கள். வாய் நிறையச் சிரிப்பு. அதற்கு அவள் ஆங்கில எழுத்துகளில் ‘கோமளா’ என்று பெயர் வைத்திருந்தாள். இறுதி எழுத்து விடுபட்டிருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் அவளோடு இருந்தேன். இதை மமதா அம்மையார் தாம் விரும்பும் சொல்லில் எழுதிக்கொள்ளட்டும். நான் சொல்லும் சொல் இதுதான். காலையில் பூசை முடிந்ததும் விசையைத் தள்ளுவேன். அவள் வருவாள். பாறை மனிதனிடம் அனுப்புவேன். முஷ்டி வீரனிடம் அனுப்புவேன். அவன் தன் கைகளெல்லாம் ஓய அடிப்பான்; அவன் இனத்தின் அடியும் பேய்மேல் விழாது. அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கோமளம் உயிரோடு இருந்த காலத்தில் நான் அவளை இத்தனை நேரம் பார்த்ததில்லை என்பது உண்மை. அவளுக்கு எதுவும் நேராது என்று தெரிந்து பார்ப்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

பேய் இனத்துக்கு வேறு வலிமைகளும் உண்டு. எதிரியைத் தூங்கவைத்து, அவன் காணும் கனவைத் தின்று தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும். தன் உயிரில் பாதியைத் தானே அறுத்துப் போட்டு எதிரியின்மேல் சாபமாக ஏற்றும்; அதன் பின் அவன் எதுவும் செய்யாமல் நின்றாலும் சிறிது சிறிதாகத் தேய்வான். ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று. விழப் போகும் தறுவாயில் பேய் எதிரியைத் தன்னோடு முடிச்சிட்டுக்கொள்ளும். அதை வீழ்த்துபவனும் அந்தக் கணமே அதனுடன் விழுவான். அறம் இத்தனை சுருக்கமாக நடைபெறுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கருவிக்கு உயிர் இரண்டு பென்சில் செல்கள். அவை தளரும் முன்பே மாற்றிவிடுவேன். பூசையறைத் தீபத்துக்கு எண்ணெய் விடுவதைவிடக் கருத்தாகச் செய்தேன். நான் இருக்கும்வரை அவள் அணையமாட்டாள் என்று நம்பியிருந்தேன்.

ஆகவே, அந்த உலகத்தில் இரவு வராமல் போனபோது எனக்கு ஐயம் எழுந்தது. அதற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளியே பொழுது சாய்ந்தால் உள்ளேயும் சாயும். காட்டுப் பேய்கள் அப்போதுதான் வெளிவரும். இரண்டு நாளாக உள்ளே ஒரே பகல். கருவியை எடுத்துக்கொண்டு விக்கியிடம் போனேன்.

விக்கியின் கடை எங்கள் தெருமுனையில், பேக்கரிக்கு எதிரே. பீன்யாவில் ஏதோ தொழிற்சாலையில் இருந்தவன். அதை விட்டுவிட்டுச் செல்போனும் ரேடியோவும் பழுதுபார்க்கும் கடை வைத்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். அவன் தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர். எந்த வாக்கியத்தையும் ஒரு மொழியில் தொடங்கி அதே மொழியில் முடிக்க அவனுக்கு வராது; ஆசிரியரைக் கன்னடத்தில் ‘மேஷ்ட்ரே’ என்பான்.

“வாங்க மேஷ்ட்ரே. உங்களையும் புடிச்சிக்கிச்சா பேயி?”

“இதில் இரவு வருவதில்லை.”

“நைட்டே வரலியா? நல்லதுதான சார், கரண்டு மிச்சம்.” அவன் சிரித்துக்கொண்டே கேசட்டின் பின்பக்கத் திருகைக் கழற்றினான். “இங்க பாருங்க. உள்ள தனியா ஒரு செல்லு இருக்குது, வாச்சு செல்லு மாதிரி. நீங்க ஆடினதெல்லாம் இதுலதான் நிக்குது. இது வீக் ஆயிடுச்சு. அதான் டைம் நின்னுப்போச்சு.”

“பென்சில் செல்களை நான் தவறாமல் மாற்றிவருகிறேன்.”

“அது மிஷினுக்கு சார். இது கேசட்டுக்கு. வேற வேற. இத்த மாத்தணும்னா எடுத்த ஒடனே உள்ள இருக்கிறது எல்லாம் காலி. மாத்தலைன்னாலும் கொஞ்ச நாள்ல தானா காலி. இன்னா பண்றது சொல்லுங்க.”

மூடச் சொன்னேன். எதையும் தொடக் கூடாது என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் திருகை முடுக்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் காலைப் பூசை முடிந்து விசையைத் தள்ளினேன். திரை ஒளிர்ந்தது. ‘தொடர்க’ என்ற சொல் இல்லை. ‘புதிய ஆட்டம்’ என்பது மட்டும் இருந்தது.

நான் கேசட்டைக் கழற்றி ஊதினேன். துணியால் துடைத்தேன். மறுபடி செருகினேன். பலமுறை செய்தேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, கோலைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கோலை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். வெளியே போகும்போது குடை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அவ்வாறு.

அப்போது நண்பகல். விக்கி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். குனிந்து உள்ளே போனேன். அவன் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தான். அந்த மரியாதை அவனிடம் இருந்தது; இல்லை என்று சொல்லமாட்டேன்.

“போயிடுச்சா சார்?” என்றான்.

“புதிய செல் போடு. அவள் வந்துவிடுவாள்.”

அவன் கேசட்டைத் திறந்து, பழைய செல்லைப் பெயர்த்தெடுத்து, புதியதை ஈயத்தால் பற்றவைத்தான். வேலை சுத்தமாக இருந்தது. “இது நிக்கும் சார், ரொம்ப வருஷம் நிக்கும். ஆனா போனது வராது. சொன்னேன்ல?” விசையைத் தள்ளிக் காட்டினான். ‘புதிய ஆட்டம்’.

“அன்று நீ திறந்தாய். அதனால்தான் போனாள். அவளைக் கொன்றது நீ.”

“நான் இன்னா சார் பண்ணேன்? சும்னே பழி போடாதீங்க. தானா செத்துப்போன செல்லு அது.” பிறகு அவன் குரல் தணிந்தது. “கோமளம்மா நெனப்புல பேசுறீங்க, புரியுது. இருங்க, ஒண்ணு காட்டறேன். உங்களுக்குக் காட்டவேணாம்னுதான் இருந்தேன்.”

மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு கருவியை எடுத்தான். அதில் அவன் வளர்த்த பூதங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைக் காட்டினான். எருதுபோல் மொத்தையான உருவம்; முறைத்த கண்; மடக்கிய கை. சாதாரண இனம். அதன் பெயரிடத்தில் ஆங்கிலத்தில் ‘சார்’ என்றிருந்தது.

“இது அவங்க வெச்ச பேரு சார். நீங்க லைப்ரரிக்குப் போவீங்கல்ல மத்தியானம், அப்ப வருவாங்க. ரெண்டு மிஷினுக்கும் நடுவுல ஒயரு போட்டு ஆடுவோம். வேற எதுவும் ஆடமாட்டாங்க. ‘விக்கி, சாரை எறக்குப்பா’ம்பாங்க. நான் சாரை எறக்குவேன். அவங்க பேயை எறக்குவாங்க. என்னோடது குத்தும், கடிக்கும், மோதும். ஒண்ணும் படாது. அவங்களும் என்னை ஒண்ணும் பண்ணமுடியாது. அவ்ளோதான் ஆட்டம். செல்லு தீர்ற வரைக்கும் ஆடுவோம். சிரிப்பாங்க பாருங்க, பேக்கரிக்காரன் எட்டிப் பார்ப்பான்.”

கோமளம் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

“ஒரு வாட்டி கை வீங்கிப்போய் வந்தாங்க. பட்டன் அமுக்க முடியல. நாந்தான் ஐஸு வாங்கியாந்து வெச்சேன். போலீஸுக்குப் போலாம்மான்னு சொன்னேன். ‘வேணாம்பா, அவரு கெட்டவரு இல்ல, அடி படாத மாதிரி நின்னாப் போதும்’னாங்க. ஒவ்வொரு வாட்டியும் சாரு அடிக்க வர்றப்ப திரையைப் பாத்து ஒண்ணு சொல்லுவாங்க. ‘அடிங்க, படாது.’ ‘அடிங்க, படாது.’ அதேதான். ஸ்கூல் புள்ளைங்க பாட்டு மாதிரி.”

அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் ஒருமுறை கேட்டிருந்தேன்.

எழுந்து நின்றேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதல் அடியைத் தலையின் பின்புறத்தில் கொடுத்தேன். அவன் மேசைமேல் கவிழ்ந்தான். சாப்பாட்டுப் பெட்டி உருண்டு சோறு கொட்டியது. திரும்பிப் பார்க்க முயன்றான். “மேஷ்ட்ரே,” என்றான். இரண்டாவது அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது. கோல் இரண்டாக முறிந்தது. எத்தனையோ மாணவர்களைக் கண்டும் முறியாத கோல். அவன் கையை முகத்துக்கு முன்னால் நீட்டினான்; கோமளம் நீட்டுவதுபோல் ஒழுங்காக அல்ல, விரல்களை விரித்தபடி. மேசைமேல் சிறு சுத்தியல் இருந்தது. விரல்கள் முதலில் போயின. பிறகு தாடை. அவன் தரையில் ஸ்டூலுக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கினான். நான் ஒரு காலை மண்டியிட்டு, எழுத்தைத் திருத்தும் கவனத்தோடு, ஒரே இடத்தில் அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. ஒவ்வோர் அடியும் பட்டது. அவன் சாதாரண இனம்.

எல்லாம் முடிந்தபின் கையைக் கழுவினேன். ஷட்டரை முழுதும் தூக்கிவிட்டு, எதிரே பேக்கரியில் இருந்தவரிடம், “காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள், ஒருவன் இறந்துகிடக்கிறான்,” என்றேன். அவர் கையிலிருந்த ரொட்டித் தட்டு விழுந்தது. அதில் என் தவறு எதுவும் இல்லை.

இதுதான் நடந்தது. கோமளத்தை அவன் வீழ்த்தினான்; வீழ்த்தியவன் கூடவே விழுந்தான். முடிச்சு தன் வேலையைச் செய்தது. நான் கருவி மட்டும்.

இதைச் சொன்னபோது தாங்கள் சிரிக்காமல், “வீழ்த்தினவன் கூடவே விழுவான்னா, இப்ப இங்க உட்கார்ந்திருக்கிறது யாரு சார்?” என்று கேட்டீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவனை விழுந்தவன் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த கேள்வி முறையான கேள்வி. அதற்குப் பதில் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை நான் முன்பு எங்கே கேட்டேன் என்கிறீர்கள்.

எங்கள் சமையலறையில் கேட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். பருப்பு அடிபிடித்த நாற்றம் முன்னறைவரை வந்தது. கோலை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கடப்பைக்கல் மேடைக்கு அருகில் நின்று அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாத்திரம் கரிந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன். வழக்கமாக அவள் கையை நீட்ட வேண்டும். அன்று நீட்டவில்லை. இடக்காது என் பக்கம் இருந்ததால் நான் வந்தது கேட்கவில்லையோ என்று எண்ணி, கோலால் நிலைக்கதவைத் தட்டினேன். அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அச்சமில்லாத சிரிப்பு, வாய் நிறைய. பிறகு பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்:

“அடிங்க. படாது.”

அவள் சொன்ன தகவல் தவறானது. தவறான தகவலைக் கேட்டுவிட்டுச் சும்மா போகிறவன் ஆசிரியன் ஆகமாட்டான். அடித்தேன். பட்டது. அவளுக்கு அது வியப்பாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. இப்போது விளங்கியிருக்கும் என்று எண்ணி, ஐயத்துக்கு இடமில்லாமல் மறுபடியும் அடித்தேன். அவள் பின்வாங்கி, மேடையின் விளிம்பில் தலை மோத விழுந்தாள். கருவியைக் கையிலிருந்து விடவில்லை. காதிலிருந்து இரத்தம் வந்தது. அந்தக் கேளாத காதிலிருந்து. அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் கொஞ்சம் நீர் ஊற்றினேன். பிறகு மருத்துவரை அழைத்தேன். ஈரத்தரையில் வழுக்குவது எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

மமதா அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் தொடரலாம், இன்னும் ஒரே ஒரு செய்திதான்.

தங்கள் மேசைமேல் நெகிழிப் பையில் அந்தக் கருவி இருக்கிறது. உள்ளே விக்கி பற்றவைத்த புதிய செல் இருக்கிறது. பல ஆண்டுகள் நிற்கும் என்றான். தொழிலில் அவன் பொய் சொல்பவன் அல்லன். வழக்கு முடிந்தபின், சிறையில் அதை என்னிடம் வைத்துக்கொள்ள விதி இடம் தருமானால், முதலிலிருந்து தொடங்குவேன். பெயரை இம்முறை எழுத்து விடாமல், கோமளம் என்று முழுமையாக எழுதுவேன். அவளைப் பேய் இனத்தில்தான் எடுப்பேன். சாதாரண இனம் என் கையில் தங்குவதில்லை.